போலகம் முதல் கோடிக்கரை வரை

எங்கள் ஊர் போலகம். காரைக்கால் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்து, நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் ஊர் அடங்கியபின் அதன் ஓசை வீட்டுக்குள் வந்துவிடும். அவ்வோசை மிகும் இரவுகளில் எங்கள் அன்னையார் எழுந்து கிழக்குப்புறச் சன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின் அவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கடலோர மாவட்டத்தில் பிறந்து, கடலோர மாவட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலைப் பாராமலே ஒருவர் வாழ்ந்திருக்க முடியுமா என்று வாசகர்கள் வியக்கலாம். மனம் வைத்தால் முடியும் என்பதை நாங்கள் நாள்தோறும் கண்டு வந்தோம்.

சென்ற தை மாதக் கடைசியில் எங்கள் தமக்கையின் மகன் பிரான்சிலிருந்து மனைவியுடனும் பத்து வயது மகளுடனும் விடுமுறைக்கு வந்திருந்தான். காரைக்காலில் பிரான்சு உறவு புதுமையன்று. 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகியது. 1962 ஆகஸ்டு 16இல் இரு நாட்டு உடன்படிக்கை முறையாக நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ள வழி விடப்பட்டது. அவ்வழியைத் தேர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசைச் சுற்றிலும் வாழ்கின்றனர். தந்தை வழியில் இவனும் அவர்களுள் ஒருவன்.

முந்தைய கோடையில் அவர்கள் வேல்ஸ் நாட்டைச் சுற்றி வந்த கதையை அவன் ஓர் இரவு முழுதும் சொன்னான். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளேயே அமைந்த வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெம்புரோக்சயர்க் கடற்கரை ஓரமாக ஒரு கிழமை சென்றார்களாம். இருபுறமும் ஆளுயர வேலி செறிந்த ஒற்றையடித் தெருக்கள். எதிரே வண்டி வந்தால் இருவரில் ஒருவர் பின்னோக்கிச் சென்று இடம் விட வேண்டும். மக்களைப்போல் மூன்று மடங்கு ஆடுகள். வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக இரு மொழிகளில். செயின்ட் டேவிட்ஸ் என்னும் ஊர் பிரித்தானியாவிலேயே மிகச் சிறிய நகரம். அதன் பேராலயத்திற்கு இருமுறை யாத்திரை செல்வது உரோமைக்கு ஒருமுறை சென்றதற்கு ஒப்பாகும் என்று இடைக்காலத்தில் சொல்வார்களாம்.

"வீட்டை விட்டு வெளியே போன நினைப்பே இல்லை, மாமா. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே வீடு," என்றான்.

கதவோரம் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னையார் நிமிர்ந்து பார்த்தார். "வண்டிக்கு உள்ளேயே இருந்துகொள்ளலாமா? இறங்க வேண்டாமா?" என்று கேட்டார்.

பயணம் உறுதியானது அந்தக் கேள்வியினால்தான்.

அத்தகைய வண்டி எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. கிடைக்காததனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றே இப்போது நினைக்கிறோம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும் குடும்பங்கள் எத்தனை காலமாகவோ செய்து வருவதைத்தான் நாங்களும் செய்தோம். வாடகை வேன் ஒன்றின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை பரப்பி, அதன்மேல் கோரைப்பாயும் மெத்தையும் விரித்தோம். சிறிய எரிவாயு அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு குடம், ஒரு மூட்டை அரிசி, மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கொசுவலை. சன்னல்களுக்கு அன்னையாரின் பழைய சேலை கிழிபட்டுத் திரைச்சீலையாயிற்று. கடற்புறத்துச் சன்னலுக்கு மட்டும் இரட்டை மடிப்பாகப் போட்டுக்கொண்டார். ஓட்டுநர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

முதலில் வடக்கே பூம்புகார் வரை செல்வது, பிறகு கடலோரமாகவே தெற்கு நோக்கித் திரும்பிக் கோடிக்கரை சேர்வது என்பது ஏற்பாடு. விடியுமுன் புறப்பட்டு, காரைக்காலைக் கடந்து, நண்டலாற்றுச் சோதனைச் சாவடியை அடைந்தோம். காரைக்கால் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக அமைந்த பகுதியாதலால், இங்குள்ளோர் எத்திசையில் சென்றாலும் சிறிது நேரத்தில் எல்லை வந்துவிடும். மதுப்புட்டிகள் கடத்தப்படுகின்றனவா என்று பார்க்கும் காவலர் ஒருவர் கதவைத் திறந்து, மெத்தையையும் அடுப்பையும் குடத்தையும் கண்டு திகைத்தார். "வீடு மாறிப் போகிறீர்களா?" என்றார்.

"இல்லை தம்பி, வீட்டையும் கூட்டிக்கொண்டு போகிறோம்," என்றார் அன்னையார்.

அறுவடைக் காலம். சம்பா நெல்லைச் சாலையிலேயே பரப்பி உலர்த்தியிருந்தார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரமாக, நடக்கும் வேகத்தில் செலுத்தினார். வேல்ஸ் நாட்டில் ஆடுகளுக்காக நின்றவர்கள் இங்கே நெல்லுக்காக நின்றனர்.

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்குமிடத்தைக் காண எண்ணிச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். குடகில் பிறந்து, அணைகளையும் வாய்க்கால்களையும் நிரப்பி, வயல்களுக்கெல்லாம் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்த ஆறு, முடிவில் ஒரு சிற்றோடையாகவே கடலுக்கு வந்து சேர்கிறது. 1973இல் எழுப்பப்பட்ட ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தருகே நிழலில் வண்டியை நிறுத்திச் சோறு வடித்தோம். அன்னையார் இறங்கவில்லை. திரையை விலக்காமலே உள்ளிருந்து உப்பும் புளியும் எடுத்துக் கொடுத்தார். சிறுமி தனக்குத் தெரிந்த தமிழில், அந்தப் பழைய நகரம் எங்கே போயிற்று என்று கேட்டாள். கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது என்று விளக்கினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்தக் காலத்திலேயே அது அப்படித்தானா?"

அன்று மாலை தரங்கம்பாடி. அவ்வூரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினர். டான்ஸ்போர்க் என்னும் அக்கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். 1718இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் அரச வீதியில் இருக்கிறது. அவர் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் தமிழில் அச்சான நூலைக் கையில் எடுக்கும் எவரும் அவரை நன்றியுடன் நினைப்பதில் தவறில்லை. வேல்ஸ் மொழி பிழைத்திருப்பதற்கு 1588இல் விவிலியம் முழுவதும் அம்மொழியில் அச்சேறியது ஒரு பெருங்காரணம் என்று எங்கள் மருமகன் அங்கே கேள்விப்பட்டதைச் சொன்னான். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர். ஊரை விற்பதென்பது அந்நாளில் மாடு விற்பதைப் போலவே நடந்திருக்கிறது.

கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதன் முற்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

அரச வீதியின் ஒரு முனையில் 1792இல் கட்டிய நகர வாயில், மறுமுனையில் கடல். நாங்கள் வாயிலருகே வண்டியை நிறுத்தினோம். அன்னையார் அங்கே இறங்கினார். பயணத்தில் முதன்முறையாக இறங்கி, வாயிலின் நிழலில் பாயை விரித்து, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொண்டார். வீதி நேராக இருப்பதால், திரும்பினால் கோடியில் நீலம் தெரியும். அவர் திரும்பவில்லை. சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தோம். காற்று மூன்று முறை அடுப்பை அணைத்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அயல் நாட்டில் இத்தகைய வண்டிகளுக்கென்றே தண்ணீரும் மின்சாரமும் குளியலறையும் கொண்ட தங்குமிடங்கள் உண்டு. நம் கடற்கரையில் பெண்களுடன் வருவோர் கழிப்பிடத்திற்காகப் படும் பாடு எழுதத் தக்கதன்று. அன்று விளக்கு வைத்தபின், முன்பின் அறியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டினோம். அந்த அம்மையார் எங்கள் வண்டியை ஒருமுறை பார்த்தார். "பாட்டியை முதலில் அனுப்புங்கள்," என்றார். காலையில் ஒரு குடம் தண்ணீரும், கேளாமலே ஒரு செம்பு காப்பியும் கொடுத்தனுப்பினார். வேல்ஸ் நாட்டில் ஒரு கிழமை சுற்றியும் தாங்கள் எவர் வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை என்பதை எங்கள் மருமகன் மனைவி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் தெற்கே திரும்பினோம். காரைக்காலில் ஓட்டுநர் டீசல் நிரப்பினார். தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு. எல்லையைத் தாண்டுமுன் நிரப்பாத ஓட்டுநர் இப்பகுதியில் இல்லை. அரசலாற்றைக் கடந்து திருமலைராயன்பட்டினம் வந்தோம். காளமேகப் புலவர் சினங்கொண்டு மண்மாரி பொழியச் சாபமிட்டதாகக் கதை வழங்கும் ஊர் அது. பிறகு எங்கள் போலகம். இறங்குவதில்லை என்று முன்னரே பேசி வைத்திருந்தோம். சொந்த ஊரை அயலூரார்போல் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு கடந்து போவது விந்தையான அனுபவம். அன்னையார் மட்டும், "கொல்லைக்கதவு பூட்டினோமா?" என்று கேட்டார். பூட்டியிருந்தோம். திரும்பிவிடலாம் என்று அவர் சொல்வாரோ என அஞ்சினோம், சொல்லவில்லை.

வாஞ்சூர்ச் சாவடி தாண்டியதும் நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பர். இந்து மன்னர் எழுப்பிய இசுலாமியக் கோபுரத்தைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அண்ணாந்து பார்த்து நின்றோம். எங்களைப் போலவே மெத்தையும் பாத்திரமுமாக வந்த வண்டிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒரு மூதாட்டி அன்னையாரிடம் எந்த ஊர் என்று விசாரித்து, வெற்றிலை கொடுத்தார். இருவரும் முட்டுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசினர்.

நாகப்பட்டினத்தில் நாங்கள் நிற்கவில்லை. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்ட துறைமுகம், சோழர் காலத்தில் பௌத்த விகாரம் இருந்த நகரம் என்று சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் அக்கரைப்பேட்டைப் பக்கம் வந்ததுமே அன்னையார் கண்களை மூடிச் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் மிகுதியாக இழந்த ஊர்கள்.

வேளாங்கண்ணியை இருட்டுமுன் அடைந்தோம். அன்றிரவு வண்டிக்குள் கொசுவலையின்கீழ் படுத்திருக்கையில், நாங்கள் கேளாமலே, அவர் பேசினார். 2004ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்னையாரும் அவருடைய ஒரே தங்கையும், எங்கள் சிற்றன்னை, வேளாங்கண்ணியில் இருந்தனர். அவ்வளவுதான் இதுவரை நாங்கள் அறிந்தது. அறியாதது இது: கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. பூசை தொடங்கச் சிறிது நேரம் இருந்தது. "நீ போய்க் காலை நனைத்துவிட்டு வா, நான் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்" என்று தங்கையைக் கடற்கரைக்கு அனுப்பியவர் அன்னையாரே. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தனர். தங்கையின் உடலும் அடையாளம் தெரியவில்லை. பெயரறியாத பலருடன் ஒன்றாய் மண்ணுக்குள் போய்விட்டார் என்றே நாங்கள் எல்லாரும் எண்ணியிருக்கிறோம்.

"போக வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் போ என்றேன்," என்றார். எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை. எங்கள் மருமகன் கைநீட்டி அம்மாச்சியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். நெடுநேரம் கழித்து எல்லாரும் உறங்கிப் போனோம்.

காலையில் திருப்பலிக்குச் சென்றோம். 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் சிறு பசிலிக்காவாக உயர்த்திய ஆலயம் அது. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நிகழும் திருவிழாவில் அங்கே கால் வைக்க இடமிராது. அன்று கூட்டம் மிதமாகவே இருந்தது. அன்னையார் ஓர் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து இடத்தில் தம் செபப்புத்தகப் பையை வைத்தார். சற்றுப் பொறுத்து, கைக்குழந்தையுடன் ஒரு பெண் வந்து, "இங்கே ஆள் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டாள். "இருக்கிறது," என்றார் அன்னையார். அப்பெண் தூணோரம் போய் நின்றுகொண்டாள். முதல் வாசகம் முடிந்தது. அன்னையார் திரும்பி அப்பெண்ணைப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையசைத்து அழைத்தார்.

பிறகு ஆழிப்பேரலையில் இறந்தோரின் நினைவுத் தூணுக்கு நடந்தே வந்தார். ஒரு முழம் மல்லிகையை அங்கே வைத்தார். வெயில் ஏறும்வரை நின்றார்.

வேதாரணியச் சாலை நீண்டது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயல் அடியோடு சாய்த்த தென்னந்தோப்புகளில் இப்போது இளங்கன்றுகள் எழுந்து நிற்கின்றன. தென்னை காய்ப்பதற்குள் அதை நட்டவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவான் என்றார் ஓட்டுநர். அவருக்கும் கொஞ்சம் தோப்பு இருந்ததாம். வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பளங்களைப் பருவத்திற்காகச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். 1930 ஏப்ரல் 13இல் இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 30இல் சட்டத்தை மீறி உப்பு அள்ளியது இங்கேதான். அந்தப் படையினரும் வழியெல்லாம் பிறர் கொடுத்த சோற்றை உண்டு, பிறர் திண்ணையில் உறங்கியே வந்தார்கள். அவர்களுக்கு உணவளிப்போரைத் தண்டிப்பதாக ஆங்கில ஆட்சியர் மிரட்டியும் தஞ்சை மக்கள் கொடுத்தனர். சிறுமி பாத்தி ஓரத்தில் படிந்திருந்த உப்பைக் கிள்ளி நாவில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

கோடிக்கரையில் நிலம் முடிகிறது. வடக்கேயிருந்து நேராக இறங்கி வரும் கரை அங்கே மேற்கே மடங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக்கு நீரிணை, அப்பால் இலங்கை. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேய்வதையும், எவரோ என்றோ விட்டுச் சென்ற குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் திரிவதையும் கண்டோம். சதுப்பு நீரில் தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தது, அத்தனையும் பூநாரைகள். பொன்னியின் செல்வன் படித்தோர் பூங்குழலியின் நினைவோடு அங்கே கலங்கரை விளக்கத்தைத் தேடுவர். சோழர் காலத்ததென்று சொல்லப்பட்ட பழைய விளக்கத்தின் எச்சம் 2004இல் அதே அலையில் சிதைந்துவிட்டது.

காட்டுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. மீனவர் குடியிருப்பை ஒட்டி, வலைகள் உலர்ந்த மணல்மேட்டின் அருகே வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார்கள். வழக்கப்படி ஓட்டுநர் வண்டியின் கதவு நிலத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார். அடுப்பைப் பற்றவைத்தோம். கஞ்சி கொதித்தது. காற்றில் அடுப்பு அணைந்தது, மீண்டும் பற்றவைத்தோம், மீண்டும் அணைந்தது.

உள்ளேயிருந்து அன்னையார் கூப்பிட்டார். "தம்பி, வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்து."

"எப்படி, அம்மா? காற்றுக்கு மறைவாகவா?"

"இல்லை. கதவு அந்தப் பக்கம் பார்க்கட்டும்."

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பாத்திரங்களை நகர்த்தினோம். வண்டி மணலில் முனகிக்கொண்டு திரும்பிற்று. கதவு திறந்தே இருந்தது. அன்னையார் மெத்தையின் விளிம்பில், கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். அந்தி மங்கிய நேரம். கடல் அமைதியாகவே கிடந்தது. சிறுமி ஏறி அவர் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தோம். ஒரு கையால் வாங்கிக்கொண்டார்.

"உப்பு போதவில்லை," என்றார்.